வெற்றிலை தொடக் கூடாத நாட்கள்

பாப்பா, தம்பி, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்வீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

போன வாரம் உங்கள் பெரியம்மா சோழவந்தானிலிருந்து நம் ஆனையூர் வீட்டுக்கு வந்திருந்தார். பாப்பாவுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டுத்தான் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் பாப்பா கையில் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசினார். பூசிவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருத்தா. ஆனா ஒண்ணு, உங்கம்மா மாதிரி ஆயிராத. பஸ்ஸுலயே அலைஞ்சு அலைஞ்சுதான் அவளுக்குக் கர்ப்பப்பை கெட்டுப்போச்சு. வேலைதான் அவளைக் கொன்னுச்சு. கல்யாணம்னு ஆயிட்டா இதை விட்டுரு."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியாப்பா?" என்று கேட்டாள். நான் பெரியம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நம்புவதைத்தான் சொன்னார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாப்பா அதை நம்பி, நாளைக்கு ஒரு சமயம் வேலையை விட்டுவிட்டால், செத்துப்போனவள் மேல் இரண்டாவது தடவையாக ஒரு பழி விழுந்த மாதிரி ஆகும். முதல் பழி எது என்று இதில் சொல்கிறேன்.

தம்பி, இதில் பெண்கள் சமாச்சாரம் நிறைய வரும். கூச்சப்பட்டு எழுந்து போகாதே. நீயும் படிக்கத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாம் எல்லாரும் சோழவந்தானில் ஒரே வீட்டில் இருந்தோம். கட்டிலோடு கிடந்த என் அப்பா, அண்ணன், மதினி (அதுதான் உங்கள் பெரியம்மா), அவர்களுடைய பிள்ளைகள், நாம் நான்கு பேர். எல்லாருக்கும் ஒரே அடுப்பு. பிழைப்பு வெற்றிலைக் கொடிக்கால். அண்ணன் கொடிக்காலைப் பார்த்துக்கொள்வார். கிள்ளிய இலையைக் கூடையில் கட்டி, காலை முதல் பஸ்ஸில் மதுரை மண்டிக்குக் கொண்டுபோவது என் வேலை.

உங்கள் அம்மா டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்திருந்தவள். தம்பி பிறந்த பிறகுதான் வேலை வந்தது. திருவாதவூர்ப் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நம் ஊர் மதுரைக்கு மேற்கே, பள்ளிக்கூடம் கிழக்கே. போகும்போது இரண்டு பஸ், வரும்போது இரண்டு பஸ். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போகட்டும்டா. ஆனா வீட்டு வேலை கொறையக்கூடாது. உங்க மதினி ஒருத்தியால முடியாது" என்றார். அது ஒரு நியாயம்போலத்தான் எனக்கும் அப்போது பட்டது.

அவள் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் எழுந்தவுடன் தண்ணீர் பிடிப்பாள். சோற்றை வடித்து ஒரு குழம்பு வைப்பாள். அப்பாவுக்கு உடம்பு துடைத்து, வேட்டி மாற்றி, கஞ்சி ஊட்டுவாள். அது மருமகள்கள் இருவரும் மாற்றி மாற்றிச் செய்வது என்றுதான் பேச்சு. ஆனால் அப்பாவுக்கு அவள் கைதான் வேண்டும் என்று ஆகிப்போனது. ஏனென்றால் அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த கதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஊட்டுவாள். பிறகு உங்கள் இருவருக்கும் தலை சீவிவிட்டு, ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு ஓடுவாள். என் வெற்றிலைக் கூடைகள் போகிற அதே பஸ். கூடை மேலே, அவள் உள்ளே. சாயங்காலம் திரும்பி வந்து முகம் கழுவியதும் கூடத்தில் இலை அடுக்க உட்கார்ந்துவிட வேண்டும். கிள்ளி வந்த வெற்றிலையைத் தரம் பிரித்து, நூறு நூறாகக் கவுளி கட்டுவது வீட்டுப் பெண்கள் வேலை. மதினி பகலெல்லாம் சமையல், மாடு, பிள்ளைகள் என்று கிடந்தவர். அவரும் அப்போதுதான் வந்து உட்காருவார். இரண்டு பேரும் வாய் பேசாமல் அடுக்குவார்கள். பேசினால் எண்ணிக்கை தவறிவிடும்.

மாதவிலக்கை எங்கள் பக்கம் தூரம் என்போம். எல்லா வீட்டிலும் அப்போது அது உண்டு. கொடிக்கால் வீட்டில் ஒரு படி அதிகம். வெற்றிலைக் கொடியில் லட்சுமி இருக்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போக மாட்டோம். தூரமான பெண் கொடிக்காலுக்குள் கால் வைத்தாலோ, இலையைத் தொட்டாலோ, கொடி வாடிவிடும் என்பார்கள். அதனால் தூரமான பெண் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் மாட்டுக் கொட்டத்தை ஒட்டி இறக்கியிருந்த சாய்ப்பில் போய்த் தங்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு. நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம்.

கேட்டால் கொடுமையாக இருக்கும். ஆனால் உங்கள் அம்மா ஒருதடவை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த மூணு நாளும் அடுப்பு கிடையாது, இலை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான் பாட்டுக்குப் படுத்துருவேன். மாசத்துல அதுதாங்க எனக்கு ஞாயித்துக்கிழமை."

அந்த நாட்களில் அவள் வேலையும் சேர்ந்து மதினி தலையில் விழும். மதினியின் நாட்களில் இவள் தலையில் விழும். ஒருவருக்கு ஓய்வென்றால் மற்றவருக்கு முதுகு ஒடியும். அப்படித்தான் அந்த வீடு ஓடியது.

பிறகு உங்கள் அம்மாவுக்கு நாட்கள் முன்னும் பின்னுமாக வர ஆரம்பித்தன. சாய்ப்பிலிருந்து உள்ளே வந்த மறுவாரமே திரும்பப் போய் உட்காருவாள். சில சமயம் ஒரு வாரம் கழிந்தும் உள்ளே வர முடியாமல் கிடப்பாள். முதலில் மதினி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, சாய்ப்புக்குக் கேட்கிற மாதிரி மாட்டிடம் சொன்னார்:

"உனக்கும் எனக்குந்தான் லீவு கிடையாது. டீச்சரம்மாவுக்கு மாசம் ரெண்டு லீவு. சர்க்காருல கூட இம்புட்டுத் தர மாட்டாங்க."

உங்கள் அம்மா உள்ளேயிருந்து, "அக்கா, நான் வேணும்னா செய்யிறேன்?" என்றாள்.

"நான் உன்னைய ஒண்ணும் சொல்லலையே. மாட்டுக்கிட்டப் பேசுறேன்."

அண்ணன் பிள்ளைகள்கூட அவள் பாயை எடுத்தால், "சித்தி லீவு போட்டாச்சு" என்று கத்திக்கொண்டு ஓடும். நானும் சிரித்திருக்கிறேன். வேலைக்குப் போகிறவளுக்கு அடுப்படி கசக்கிறது, அதனால் தூரம் என்று சாக்குச் சொல்லிப் படுத்துக்கொள்கிறாள் என்பதுதான் வீட்டில் எல்லார் நினைப்பும்.

அதன்பிறகு அவள் சாய்ப்புக்குப் போவது குறைந்தது. மாதம் ஒருமுறை, சரியாக மூன்று நாள், நான்காம் நாள் தலைக்குத் தண்ணீர். எல்லாருக்கும் நிம்மதி. "பாத்தியா, சொன்ன உடனே சரியாப் போச்சு" என்று மதினி என்னிடமே சொன்னார்.

சரியாகவில்லை. மறைக்கக் கற்றுக்கொண்டாள். உதிரம் நிற்கவே இல்லை. அதோடுதான் சமைத்தாள், அப்பாவைத் துடைத்தாள், கூடத்தில் உட்கார்ந்து இலை அடுக்கினாள். என்னிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்கிறது என்பாள். சத்துக் குறைச்சல், பள்ளிக்கூடத்தில் நின்று நின்று வந்த வலி என்பாள். அரக்கு, காப்பிப் பொடி, கறுப்பு என்றுதான் சேலை கட்டுவாள். அவளுக்குப் பிடித்த நிறம் வெளிர்ப் பச்சை. அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

பஸ்ஸில் ஒன்று கவனித்தேன். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மதுரை வரை நின்றே வருவாள். கண்டக்டர் நமக்குத் தெரிந்த ஆள், வாயாடி.

"டீச்சர், எம்புட்டு சீட்டுக் காலியாக் கெடக்கு! நின்னுக்கிட்டே வாரதா ஏதும் வேண்டுதலா? அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே!"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல நின்னே பழகிப்போச்சுண்ணே" என்றாள். சீட்டில் கறை படிந்துவிடும் என்று பயந்து நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. கொடிக்கால் வாய்க்காலில் தண்ணீர் வடியாமல் நின்றது. முதலில் கீழ் வரிசையில் நாலைந்து கொடிகள் இலை மஞ்சளித்துத் தொங்கின. பிறகு தண்டு கறுத்து, தொட்டால் வழுக்கியது. ஒரு வாரத்தில் பாதி வரிசை சாய்ந்துவிட்டது. நமக்கு மட்டுமில்லை, பக்கத்துக் கொடிக்கால்களிலும் வாடல் இறங்கியது. அங்கே கொடிக்கால்களெல்லாம் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். ஒரே வேலிக்குள் பல குடும்பங்கள், ஒரே வாய்க்கால். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: எந்த வீட்டுப் பெண்ணோ சுத்தமில்லாமல் தொட்டிருக்கிறாள்.

அதே மழைதான் உங்கள் அம்மாவையும் காட்டிக்கொடுத்தது. வெயில் இருந்தவரை, அலசிய துணியை வேறு சேலைக்கு அடியில் போட்டு உலர்த்திவிடுவாள். மழையில் எதுவும் காயவில்லை. வேறு வழியில்லாமல் அடுப்புக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடுக்கில், சூட்டுக்குக் காயட்டும் என்று செருகி வைத்திருக்கிறாள். மதினி விறகு உருவும்போது கையோடு வந்துவிட்டது. அடுப்படிக்குள்ளேயே தீட்டுத் துணி.

ஞாயிற்றுக்கிழமை காலை அது. மதினி கூச்சல் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. துணியைக் குச்சியில் எடுத்து முற்றத்தில் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எம்புட்டு நாளாடி?" என்றார்.

உங்கள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரியலைக்கா. அஞ்சாறு மாசம் இருக்கும். நிக்கவே மாட்டேங்குது."

"இதோடவா சோறு ஆக்குன? இதோடவா இலை தொட்ட?"

"நீங்கதான லீவுன்னு சொன்னீங்க" என்றாள் அவள். சண்டைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை, மதினியைப் பார்த்துத்தான் கேட்டார்: "கொடிக்காலுக்குள்ள காலு வச்சாளான்னு கேளு."

"இல்லக்கா. சத்தியமா இல்ல. உள்ள மட்டும் போகவே இல்ல. இலை மட்டுந்தான் தொட்டேன்." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். பாப்பா, உன் அம்மா படித்தவள்தான். ஆனாலும் கொடி தன்னால்தான் வாடியது என்று அவளே நம்பினாள். அழுததிலேயே தெரிந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அண்ணன் என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார்.

"டேய் தம்பி, கொஞ்சம் யோசி. இங்க டாக்டர்கிட்டப் போனா கம்பவுண்டர் யாரு? மேலக் கொடிக்கால்காரன் மகன். ஒரு மணி நேரத்துல ஊருக்குத் தெரிஞ்சுரும். அம்புட்டுப் பேரு கொடியும் வாடிக் கெடக்கு. அம்புட்டும் நம்ம தலையில விடியும். வேலிக்குள்ள விடுவாய்ங்களாடா நம்மள? தை வரைக்கும் பொறு. கல்யாண சீசன் இலையைக் கிள்ளி முடிச்சிருவோம். பெறகு மதுரையில நல்ல டாக்டராப் பாரு. பொம்பளைகளுக்கு வாரதுதான, உசுரா போகப் போகுது?"

அவர் குரலில் பயம்தான் இருந்தது. எனக்கும் அதே பயம். அந்த வேலிக்கு வெளியே எங்களுக்குப் பிழைப்புத் தெரியாது. சரி என்றேன்.

வீட்டில் முடிவானது இதுதான். உதிரம் அடியோடு நிற்கும் வரை அவள் சாய்ப்பில் இருக்க வேண்டும். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. கோயில், கடை, சொந்தக்காரர் வீடு எதற்கும் போகக் கூடாது. மதினி மெதுவாகக் கேட்டார்: "அப்ப பள்ளிக்கூடம்?" அண்ணன் கொஞ்சம் யோசித்து, "அது போகலாம். அது வெளியூருதான, நம்ம ஆளு யாரும் இல்ல" என்றார்.

ஆக, அவளுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் பள்ளிக்கூடம்.

நான் அவளிடம் ரகசியமாகச் சொன்னேன், ஒரு நாள் லீவு போடு, அண்ணனுக்குத் தெரியாமல் மதுரையில் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று. அவள் சாய்ப்பில் படுத்தபடியே சிரித்தாள்.

"லீவு எங்கங்க இருக்கு? மாமா கட்டில்ல இருந்து விழுந்தப்ப போட்டேன். உங்க அண்ணே மகளுக்குக் காது குத்தப் போட்டேன். அக்காவோட அம்மா இறந்ததுக்கு, பதினாறாம் நாளுக்கு, உங்க பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு. டீச்சர் வந்தாத்தான் மதிப்புன்னு எல்லாத்துக்கும் என்னையத்தான அனுப்புனீங்க. இந்த வருசத்து லீவு அம்புட்டும் உங்க வீட்டுக்கே போயிருச்சு. தையில பாத்துக்கிருவோம்."

தை வந்தது. கல்யாண இலைக்கு ஆள் பற்றாமல், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளிப்போனது. மாசியும் பிறந்தது. அவள் முகம் வெளுத்து, காது மடல்கூட மெழுகு மாதிரி ஆகிவிட்டது. மதினி முருங்கைக் கீரையும் ஈரலும் சமைத்துச் சாய்ப்பு வாசலில் வைத்துவிட்டுப் போவார். உங்கள் இருவரையும் அவர்தான் குளிப்பாட்டினார். அப்பா மட்டும் அவள் எங்கே, அவள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட மறுத்து, மதினி மேல் கஞ்சியைத் துப்பினார்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பதை அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மா மதுரைக்காரர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பக்கத்து வீட்டில்தான் கேட்டுப் போவார்கள். உங்கள் அம்மா அங்கே போகக் கூசிக்கொண்டு, பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நாற்காலியில் செய்தித்தாள் விரித்து உட்காருவதையும், எழுந்தவுடன் அதைச் சுருட்டி எடுத்துப்போவதையும் தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் பிரேயரில் உங்கள் அம்மா கொடிக் கம்பத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கைத்தாங்கலாக ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, நேராகவே கேட்டாராம்: "உனக்கு எம்புட்டு நாளாப் போகுது?"

உங்கள் அம்மா சொன்னாளாம். இலை தொட்டதையும், கொடி வாடியதையும் சேர்த்துச் சொன்னாளாம்.

"கொடியை விடு. வா, கெளம்பு" என்றிருக்கிறார் அவர்.

"லீவு இல்ல டீச்சர்."

"லீவை நான் பாத்துக்கிறேன். எந்திரி."

பிள்ளைகளை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். என்னிடம் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் தள்ளியிருப்போம்.

நான் மண்டியில் சாக்கு மடித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணன் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார். "யப்பா, உன் வீட்டுக்காரம்மாவைப் பெரியாஸ்பத்திரில வச்சிருக்காங்களாம். போட்டது போட்டபடி ஓடு."

வராந்தாவில் அந்தத் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். அவர் சேலையிலும் கறை.

"நீங்கதான் புருசனா?"

"ஆமாங்கம்மா."

"இது எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஐப்பசி மழையில இருந்து."

"என்னையத் திட்ட வைக்காதீங்க. போயி அந்த பெஞ்சுல உக்காருங்க" என்றார்.

கர்ப்பப்பை வாயில் புற்று. முற்றி, பக்கத்தில் பரவிவிட்டது. ஆபரேஷன் செய்ய முடியாது, கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம் என்றார்கள். பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். உங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, அதட்டலாகவும் இல்லாமல் கெஞ்சலாகவும் இல்லாமல் கேட்டார்: "ஏம்மா, டீச்சரா இருக்கீங்க. வேலை வேலைன்னு ஓடி உடம்பை இப்படியா விடுறது?"

அவளுக்குப் பேசவே தெம்பு இல்லை. ஆனாலும் பதில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "வேலைக்குப் போனதுனாலதான் டாக்டர் இங்க வந்து சேந்தேன். வீட்டுல இருந்திருந்தா அங்கனயே முடிஞ்சிருப்பேன்."

பாப்பா, நீ என்னிடம் கேட்டதற்குப் பதில் இதுதான். இதை என் வாயால் சொல்வதைவிட அவள் சொன்னதாகச் சொல்வதுதான் சரி.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், நான் போகும்போதெல்லாம் முதலில் கேட்பது உங்களைப் பற்றி. அடுத்தது, "கொடி எப்படிங்க இருக்கு?" தெளிந்துவிட்டது, புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று சொல்வேன். பாதிக்கு மேல் பிடுங்கி எறிந்துவிட்டிருந்தோம்.

கரண்டு வைத்த பிறகு உதிரம் நின்றது. கொஞ்சம் தெளிச்சியும் வந்தது. மதினியே வந்து, தலைக்கு ஊற்றி, கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பவும் வேலைக்குப் போக வேண்டும் என்றாள். யாரும் தடுக்கவில்லை. அந்த வெளிர்ப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். அது ஒரு பருவத் தேர்வு வரைதான். பிறகு வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியது. கடைசி மாதங்களில் அவளுடைய அத்தனை துணியையும், நாற்றம் பார்க்காமல், முகம் சுளிக்காமல், மதினிதான் அலசினார். அதனால்தான் சொல்கிறேன், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று. வேலைதான் கொன்றது என்று நம்பாவிட்டால் அவரால் இருக்க முடியாது. அதை அவரிடமிருந்து பிடுங்கப் போகாதீர்கள். நீங்கள் நம்பாமல் இருந்தால் போதும்.

அவள் போனது கார்த்திகையில். தம்பிக்கு அன்றைக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான்.

அந்தக் கார்த்திகையிலும் மழை. புதிதாக நட்ட கொடிகளில் திரும்பவும் வாடல் இறங்கியது. அதே கீழ் வரிசையிலிருந்துதான் ஆரம்பித்தது. இந்த முறை யாரைச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் வரப்பில் குத்தவைத்து, அந்தக் கறுத்த தண்டையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அடுத்த வாரம் இரண்டு பேருமாக மண்வெட்டி எடுத்து வாய்க்காலை ஆழமாக வெட்டிவிட்டோம். தண்ணீர் வடிந்தது. வாடல் நின்றது.

அதற்கப்புறம் என்னால் அந்த இலையை அடுக்க முடியவில்லை. அப்பா காலமானதும் உங்களைக் கூட்டிக்கொண்டு ஆனையூர் வந்துவிட்டேன். மண்டியிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்தேன்.

பாப்பா எட்டாவது படிக்கும்போது பெரிய மனுஷி ஆனாள். பெரியம்மா ஓடிவந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மாமன் வீட்டாருக்குச் சொல்லி, ஓலைக் குடிசை கட்டித் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்றார். சீரெல்லாம் செய்யுங்கள், ஓலை மட்டும் வேண்டாம் மதினி என்றேன். "ஊரு என்ன சொல்லும்?" என்றார். "ஆனையூருல நம்மளை யாருக்குத் தெரியும்?" என்றேன். முறைத்துவிட்டு விட்டுவிட்டார். பாப்பா தன் கட்டிலில்தான் படுத்தாள், அடுப்படியில் வந்து தண்ணீர் மோந்து குடித்தாள். விசேஷம் முடிந்து பெரியம்மா ஊருக்குப் போனார். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். வீட்டில் யாரும் இல்லை.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பாப்பாவுக்கு வேண்டிய நாப்கினை, பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைப் பையன் எடுத்துச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தான்.

"பேப்பர் வேணாம்ப்பா" என்றேன்.

"அப்ப கறுப்புக் கவர்ல போட்டுத் தர்றேண்ணே."

"அதுவும் வேணாம். அப்படியே குடு."

"லேடீஸ் அயிட்டம்ணே" என்றான், குரலைத் தாழ்த்தி.

"தெரியும்ப்பா. குடு."

கையில் வாங்கிக்கொண்டு நடந்தேன். டீக்கடையில் நமக்குத் தெரிந்த ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பார்த்தார், பிறகு பேப்பருக்குள் தலையைக் குனிந்துகொண்டார். வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து, முன் அறையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற அலமாரியில், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் இடம் ஒதுக்கி அதை வைத்தேன்.